நானும் 'பாரு'க்குப் போனேன்!



தலைப்பைப் பார்த்துப் பதறிவிடாதீர்கள்! நான் போனது அந்தப் பாருக்கு இல்லை. உடற்பயிற்சி வகுப்புக்கு. அதற்கும் 'பார்' என்றுதான் பேர். இந்தப் பேரை வைத்து என் வீட்டுக்காரர் என்னைக் கேலி செய்தது இன்னும் ஓயவில்லை.

விஷயத்துக்கு வருவதற்கு முன் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பகுதியில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. தாமிரபரணி கரை கொள்ளாமல் ஊருக்குள் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் பாத்திரக் கடையில் வேலை பார்க்கிறார். கடைச் சாமான்களை மேலே ஏற்றப் போனவர் திரும்பி வர வழியில்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார். வீட்டில் நானும், இரண்டு பிள்ளைகளும், முட்டுவலிக்கார மாமியாரும்தான்.

வாசல்படியில் இருந்த தண்ணீர் கண்மூடித் திறப்பதற்குள் கட்டில் உயரத்துக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் மாடிக்கு ஓடிவிட்டார்கள். அத்தையால் படி ஏற முடியவில்லை. கைப்பிடி இல்லாத படிக்கட்டு. நான் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினேன். மூன்றாவது படியில் என் இடுப்பு 'சுரீர்' என்றது. அதற்கு மேல் என்னாலும் நகர முடியவில்லை. அவர்களாலும் முடியவில்லை. "நீ பிள்ளைகளைப் பாரு, என்னை விட்டுட்டுப் போ"ன்னு அத்தை சொன்னார்கள். இருட்டில் அந்தக் குரலைக் கேட்டது இப்போதும் எனக்கு ராத்திரியில் ஞாபகம் வரும். நல்லவேளை, பக்கத்து வீட்டுத் தம்பி சுவர் ஏறிக் குதித்து வந்து தூக்கிவிட்டான்.

தண்ணீர் வடிந்த பிறகு வீடெல்லாம் சேறு. ஒரு வாரம் குனிந்து குனிந்து அள்ளினேன். அதோடு இடுப்பு நிரந்தரமாகப் பிடித்துக்கொண்டது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "எலும்பில் ஒன்றும் இல்லை. தசைதான் பலம் இல்லாமல் இருக்கிறது. பயிற்சி செய்யுங்கள்" என்றார். எனக்கு ஆச்சரியம்! காலை ஐந்து மணியில் இருந்து வேலை செய்கிற எனக்கா பலம் இல்லை?

அப்போதுதான் எங்கள் தெருவில் ஒரு அக்கா மாடியில் சொல்லிக்கொடுத்த மனவளக்கலை வகுப்பில் சேர்ந்தேன். கூடுவாஞ்சேரியில் 1911-ல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி, குடும்பஸ்தர்களும் சுலபமாகச் செய்யும்படி வகுத்த எளியமுறை உடற்பயிற்சி அது. கைப்பயிற்சி, கால்பயிற்சி, மூச்சுப்பயிற்சி, கண்பயிற்சி, கபாலபதி, மகராசனம், உடலைத் தேய்த்துவிடுதல், அக்குபிரஷர், கடைசியில் உடல் தளர்த்தல் என்று ஒன்பது வகை. எதையும் முக்கி முனகிச் செய்ய வேண்டாம். பாயை விரித்தால் போதும். கடைசியில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஒவ்வொரு உறுப்பாக நினைத்துத் தளர்த்தும்போது, பிள்ளை பிறந்த நாளில் இருந்து கிடைக்காத ஓய்வு கிடைத்த மாதிரி இருக்கும். ஆறு மாதத்தில் இடுப்புப் பிடிப்பு பாதிக்குமேல் குறைந்துவிட்டது. தூக்கமும் நன்றாக வந்தது. இன்றைக்கும் எனக்குப் பிடித்த வகுப்பு எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

அப்படி இருக்கும்போதுதான், போன மே விடுமுறைக்குப் பிள்ளைகளோடு சென்னையில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போனேன். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறினோம். வெள்ளத்தின்போது நூற்றுக்கணக்கான பயணிகளோடு அதே ஸ்டேஷனில் நின்றுபோன ரயில்தான் அது.

நாத்தனாருக்கு ஐ.டி. கம்பெனியில் வேலை. "மதினி, எங்க கிளாஸ்ல மூணு நாள் சும்மா வந்து பார்க்கலாம், காசு கிடையாது. வாங்களேன்" என்றாள். காசு கிடையாது என்றதும் கிளம்பிவிட்டேன்!

போய்ப் பார்த்தால் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. இன்னொரு சுவரோரம் இடுப்பு உயரத்துக்கு நீளமாக ஒரு மர உருளைக் கம்பி. பாலே நடனக்காரர்கள் பிடித்துக்கொண்டு பழகுகிற கம்பியாம். பிரெஞ்சில் அதற்குப் பேர்தான் 'பார்'. வந்திருந்த பெண்கள் எல்லாம் உடம்போடு ஒட்டிய பேண்ட். நான் மட்டும் பூப்போட்ட சுடிதார், தலை நிறைய மல்லிகை! கண்ணாடியில் என்னைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது.

இந்தப் பயிற்சி எப்படி வந்தது என்று அந்த டீச்சர் சொன்னபோதுதான் எனக்குக் கூச்சம் கொஞ்சம் விலகியது. லோட்டே பெர்க் என்று ஒரு நடனப் பெண்மணி. 1913-ல் ஜெர்மனியில் பிறந்தவர், யூதர். ஹிட்லர் காலத்துக் கொடுமைக்குத் தப்பி 1938-ல் லண்டனுக்கு ஓடி வந்தார். பிறகு முதுகில் அடிபட்டது. அதைத் தேற்றிக்கொள்ள, தனக்குத் தெரிந்த நடனக் கம்பிப் பயிற்சியையும் வைத்தியப் பயிற்சியையும் சேர்த்து ஒரு முறையை உண்டாக்கினார். 1959-ல் லண்டனில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் வகுப்பு ஆரம்பித்தார். அப்போது அவருக்கு வயது 46! 1971-ல் அவருடைய மாணவி ஒருவர் அதை நியூயார்க்குக்குக் கொண்டு போக, அங்கிருந்து உலகம் எல்லாம் பரவிவிட்டது. முதுகுவலிக்காரி ஒருத்தி கண்டுபிடித்தது என்றதும் எனக்குச் சொந்தக்காரி மாதிரி தோன்றியது.

பயிற்சி பார்ப்பதற்கு ரொம்பச் சுலபம். கம்பியை லேசாகப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி நிற்க வேண்டும். குதிகால் இரண்டையும் சேர்த்து, விரல்களை விரித்து, முட்டியை மடக்கிக் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். நம்ம பரதநாட்டியத்து அரைமண்டி மாதிரியேதான். அந்த நிலையிலேயே ஒரு அங்குலம் மேலே, ஒரு அங்குலம் கீழே என்று அசைய வேண்டும். ஒரு அங்குலம்தானே என்று நினைத்தேன். இருபது எண்ணுவதற்குள் தொடை இரண்டும் மிக்ஸி மாதிரி நடுங்க ஆரம்பித்துவிட்டது! "நடுங்கட்டும், தசை வேலை செய்யுது என்று அர்த்தம். ஆனால் மூட்டு வலித்தால் உடனே நிறுத்துங்க" என்றார் டீச்சர்.

அன்று ராத்திரி போனில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஏட்டி, மெட்ராசுக்குப் போன மூணாம் நாளே பாருக்குப் போயிட்டியா? தள்ளாட்டம் இருக்கா?" என்றார். தள்ளாட்டம் உண்மையிலேயே இருந்தது. மாடிப்படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினேன்.

இங்கே நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாளே டீச்சர், "யாருக்காவது வலி, ஆபரேஷன் ஏதும் உண்டா?" என்று கேட்டார். அத்தனை சின்னப் பெண்களுக்கு நடுவில் 'எனக்கு இடுப்புவலி' என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். இரண்டாம் நாள் மற்றவர்களுக்குச் சமமாகக் காலைப் பின்னால் தூக்கியபோது இடுப்பு பழையபடி 'சுரீர்'. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் கோபிக்கவில்லை. "முன்னாடியே சொல்லியிருந்தா உங்களுக்கு வேற மாதிரி கொடுத்திருப்பேனே அக்கா" என்றார். மூன்றாம் நாள் எனக்குக் குதிகால் உயர்த்துவதும், பாதி அரைமண்டியும் மட்டும்தான். தோழிகளே, எந்த வகுப்புக்குப் போனாலும் வலியை மறைக்காதீர்கள். அங்கே வெட்கப்பட்டால் வீட்டில் வந்து படுக்க வேண்டியதுதான்.

சரி, இரண்டில் எது நல்லது? நாத்தனார் இதைத்தான் கேட்டாள். ரயிலில் ஊர் திரும்பும்போது முழுக்க இதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் மாடி வகுப்பு ஆச்சி மாதிரி. தடவிக் கொடுத்து, மூச்சைச் சீராக்கி, மனசையும் சேர்த்து ஆற்றும். பார் வகுப்பு பள்ளிக்கூடத்து டிரில் டீச்சர் மாதிரி. எந்த இடத்தில் நமக்குப் பலம் இல்லை என்று மூன்றே நாளில் காட்டிக்கொடுத்துவிடும். என் கெண்டைக்காலும் தொடையும் இவ்வளவு சோப்ளாங்கி என்று எனக்கு அதுவரை தெரியாது. வெள்ளத்தன்று மூன்றாவது படியில் நான் ஏன் நின்றுவிட்டேன் என்பதும் அங்கேதான் புரிந்தது. வீட்டு வேலையில் நாம் குனிகிறோம், நிற்கிறோம், நடக்கிறோம். ஆனால் ஒரு ஆளைத் தூக்குகிற அளவுக்குக் காலுக்குப் பலம் சேர்க்கிற வேலையைத் தினமும் செய்வது இல்லை. எல்லாப் பாரத்தையும் இடுப்பு மேலே போட்டுவிடுகிறோம்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்கும் இதுதான். பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேக நடை போல உடம்பை அசைக்க வேண்டும். அது போக, வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தருகிற பயிற்சி வேண்டும். 65 வயது தாண்டியவர்கள் விழாமல் இருக்க, நிலைதடுமாறாத பயிற்சியும் பலப் பயிற்சியும் வாரத்தில் மூன்று நாள் செய்வது நல்லது என்கிறார்கள்.

ஆனால் அந்த வகுப்பின் மாதக் கட்டணத்தைக் கேட்டபோது எனக்கு மயக்கமே வந்தது. எங்கள் வீட்டு மளிகைச் செலவே அவ்வளவுதான்! ஏரலில் கண்ணாடிச் சுவருக்கு எங்கே போவது? கம்பிக்கு எங்கே போவது? முதலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துச் செய்து பார்த்தேன். நாற்காலியும் நானும் சேர்ந்து சாய்ந்தோம்!

அப்போதுதான் ஞாபகம் வந்தது. கம்பி என் வீட்டிலேயே இருக்கிறது! வெள்ளத்துக்கு அப்புறம், அத்தைக்காக மாடிப் படிக்கட்டுக்கு எவர்சில்வர் கைப்பிடி போட்டிருந்தோம். படிக்கட்டின் அடியில் தரையில் நின்றுகொண்டு அதைப் பிடித்தால் அதுதான் என் 'பார்'.

இப்போது காலையில் பால் காய்ச்சி இறக்கிய பிறகு பத்து நிமிஷம். பாதங்களைக் கொஞ்சம் இடைவெளி விட்டு வைத்து, மூன்று எண்ணிக் குதிகாலை மெதுவாக உயர்த்துவேன். மூன்று எண்ணி இறக்குவேன். இப்படிப் பத்து தடவை. பிறகு பாதி அரைமண்டி பத்து தடவை. முட்டி விரல் போகிற திசையிலேயே போக வேண்டும், உள்ளே மடங்கக் கூடாது. ஈரத் தரையில் செய்யக் கூடாது. பிடிக்கிற பொருள் ஆடக் கூடாது. அதற்குப் பிறகு பாயை விரித்து என் பழைய எளியமுறைப் பயிற்சி. கடைசியில் உடல் தளர்த்தல். இரண்டும் சேர்ந்து முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஏற்கெனவே முட்டுவலி, முதுகுவலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

முதல் நாள் அத்தை பார்த்துவிட்டு, "என்னட்டி இது, கம்பியைப் புடிச்சிக்கிட்டு கொக்கு மாதிரி நிக்க? வீட்டு வேலை போதாதா?" என்றார்கள். நான் பதில் சொல்லவில்லை. ஒரு வாரம் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அடுத்த வாரம், நான் கேட்காமலே பக்கத்தில் வந்து கம்பியைப் பிடித்தார்கள். டாக்டரிடம் கேட்டேன். பக்கத்தில் ஆள் இருக்கும்போது, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முடிந்த உயரத்துக்கு மட்டும் செய்யலாம் என்றார்.

இப்போது மூன்று மாதம் ஆகிறது. தினமும் ஐந்து தடவை குதிகாலை உயர்த்துகிறார்கள். போன வெள்ளிக்கிழமை யாரும் கை கொடுக்காமல், கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக மாடி வரைக்கும் ஏறிவிட்டார்கள். மேலே நின்று மூச்சு வாங்கிக்கொண்டே திரும்பி என்னைப் பார்த்து, "இனி தண்ணி வந்தா நீ பிள்ளைகளைப் பாரு. நான் ஏறிக்கிடுவேன்" என்றார்கள்.

அன்று இருட்டில் கேட்ட அதே வார்த்தைதான். இந்தத் தடவை அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

- ஒரு வாசகி, ஏரல்.