நுரையில் மிதக்கும் மணல், அடியில் தங்கும் இரும்பு

பள்ளியில் படித்த நுரை மிதப்பு முறை ஞாபகம் இருக்கா? கலீனா போன்ற சல்பைடு தாதுவைப் பொடியாக்கி, தண்ணீரும் பைன் எண்ணெயும் கலந்து காற்றைச் செலுத்தினால், தாது நுரையோடு மேலே வரும். மணல் அடியில் தங்கும். இரும்புச் சுரங்கக் கழிவில் இதையே தலைகீழாகச் செய்கிறார்கள். எதற்காக?

தாதுவை அரைத்து, கழுவி, இரும்பைப் பிரித்தபின் மிஞ்சும் சேற்றை அணை கட்டித் தேக்குவது வழக்கம். அந்த அணை உடைஞ்சா? பிரேசிலின் புருமாடின்யோவில் 2019 ஜனவரி 25 அன்று அதுதான் நடந்தது. 86 மீட்டர் உயர அணை உடைந்து 270 பேர் இறந்தனர். சுரங்க உணவகத்தில் மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர்களும் அதில் அடக்கம். அந்தச் சேற்றில் இரும்பு நிறைய இருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

பழைய இயந்திரங்களின் பிடிக்குச் சிக்காத நுண்துகள்கள் சேற்றோடு போய்விடும். அவற்றை மீட்பது இப்படித்தான்:

1. களிமண் போன்ற மிக நுண்ணிய துகள்களை முதலில் நீக்குவார்கள். இல்லைன்னா ரசாயனம் வீணாகும்.

2. காஸ்டிக் சோடாவில் கரைத்த சோள ஸ்டார்ச் சேர்ப்பார்கள். இது ஹெமடைட் என்ற இரும்புத் தாதுத் துகள்களின் மேல் படிந்து, அவற்றை மிதக்கவிடாமல் தடுக்கும்.

3. அமீன் என்ற ரசாயனம் மணல் துகளின் மேல் ஒட்டும். அதன்பின் மணலில் தண்ணீர் ஒட்டாது, காற்றுக்குமிழிதான் ஒட்டும்.

4. காற்றைச் செலுத்தியதும் மணல் நுரையோடு மேலே வழிந்துவிடும். இரும்பு அடியில் தங்கும்.

இதனால் ஆபத்து முழுசா தீர்ந்துடுமா? இல்லை. இரும்பை எடுத்தாலும் மணலும் தண்ணீரும் மிச்சம் இருக்கும். தண்ணீரை வடிகட்டி, மணலை உலர்வாக அடுக்கினால்தான் சேற்று அணையின் தேவை குறையும். பழைய அணையைத் தோண்டும்போதும் கவனம் வேண்டும். ஈரச்சேறு அசைந்தால் திடீரென்று குழம்பாகி ஓடக்கூடும்.

நம் நாட்டில் பல சுரங்கத் திட்டங்களுக்கு அனுமதி தரும் முன் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துகிறார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒரு கூட்டம் நடந்தால் தவறாமல் போங்க. எவ்வளவு தாது எடுப்பீர்கள் என்பதோடு, மிஞ்சும் சேறு எங்கே போகும், அதன் கீழ்ப்பக்கம் யார் குடியிருக்கிறார்கள் என்றும் கேளுங்க.