முடியைவிட மெல்லிய சீவல்

உடலில் தோன்றிய கட்டி புற்றுநோயா, இல்லையா? பினாங்கு பொது மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளில், நோயியல் மருத்துவர் இதற்கு விடை சொல்லுமுன் உழைப்பவர் திசு ஆய்வகத் தொழில்நுட்பர்.

கட்டியிலிருந்து எடுத்த துண்டு அழுகாதிருக்க ஃபார்மலினில் ஊறும். பிறகு ஆல்கஹால் அதிலுள்ள நீரை நீக்கும். சைலீன் ஆல்கஹாலை நீக்கும். அந்த இடத்தில் உருகிய பாரஃபின் மெழுகு புகுந்து இறுகும். ஏன் மெழுகு? மென்மையான திசுவை அப்படியே மெல்லியதாகச் சீவுவது கடினம்.

மைக்ரோடோம் கருவியில் 3 முதல் 5 மைக்ரோமீட்டர் தடிமனில் சீவுவார். நம் தலைமுடியோ சுமார் 70 மைக்ரோமீட்டர்! சீவலைக் கண்ணாடித் தகட்டில் ஏந்திச் சாயமேற்றுவார். ஹெமடாக்சிலின் உட்கருவை நீலமாக்கும். இயோசின் சுற்றுப்பகுதியை இளஞ்சிவப்பாக்கும். உட்கருக்கள் பெருத்து, ஒழுங்கிழந்து தெரிந்தால் மருத்துவர் புற்றுநோயைச் சந்தேகிப்பார்.

தகட்டின் எண் மாறினால் ஒருவர் நோய் இன்னொருவருடையதாகிவிடும். அதனால்தான் ஒவ்வொரு படியிலும் எண்ணைச் சரிபார்க்கிறார்கள்.