அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மார்க்கெட்: 500 ரூபாயும் ரெண்டு காலும் போதும்

போன மாசம் மளிகை, காய்கறிக்கு எவ்வளவு செலவாச்சுன்னு கேட்டா, உங்கள்ல பாதிப் பேர் போனை எடுத்து ஆர்டர் ஹிஸ்டரி பார்த்து சரியா சொல்லிடுவீங்க. தக்காளி கிலோ இன்னைக்கு என்ன விலை? போன வாரம் என்ன விலை? இதுக்குப் பதில் வராது. மியூச்சுவல் ஃபண்ட் என்.ஏ.வி. தினம் பாக்குறோம், தினம் சாப்பிடுற பொருளோட விலை தெரியாது. மொத்தச் செலவு தெரிஞ்சு விலை தெரியாம இருந்தா, பட்ஜெட் போடுறது கஷ்டம். எங்கே குறைக்கலாம்னே கண்ணுக்குத் தெரியாது.

அதுக்கு ஒரு வழி, மார்க்கெட்டை நடந்தே சுத்துறது. நம்ம சேனல் பாக்குறவங்கள்ல நிறைய பேர் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் வேலை, ஆவடி, பூந்தமல்லி பக்கம் ரூம். அதனால இந்த மூணு ஊரையே எடுத்துக்குவோம். ஒரே நாள்ல மூணையும் முடிக்கணும்னு இல்லை. ஒரு சனிக்கிழமை ஒரு ஊர் போதும். அம்பத்தூர்ல இருந்து ஆவடிக்கு லோக்கல் ரயில்ல 5 ரூபாய் டிக்கெட். ஆவடியில இருந்து பருத்திப்பட்டு, கரையான்சாவடி வழியா பூந்தமல்லிக்கு பஸ். சாதாரண கட்டண பஸ்ல பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. ஆட்டோ மட்டும் பிடிக்காதீங்க, மிச்சம் பிடிக்கிறது எல்லாம் அதுலேயே போயிடும்.

(போற வழியில ஒரு விஷயம். சென்ட்ரல் பக்கம் இந்த லோக்கல் ரயில் போய் நிக்குற இடத்துக்கு மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்னு பேர். 1985-ல எரிஞ்சு போன பழைய மூர் மார்க்கெட்டோட பேர் அது. எதிர்த் திசையில திருவள்ளூர் பக்கம் போனா செவ்வாப்பேட்டை ரோடுன்னு ஒரு ஸ்டேஷன் வரும். பேட்டைன்னா சந்தை கூடுற ஊர். செவ்வாய்க்கிழமை சந்தை ஊர்ப் பேர்லயே ஒட்டிக்கிச்சு.)

அம்பத்தூர்ல ஓ.டி. பஸ் ஸ்டாண்டைச் சுத்தி இருக்கிற தெருக்கள்ல ஆரம்பிங்க. காலையில ஏழு மணிக்கு ஒரு தடவை, ராத்திரி எட்டரைக்கு ஒரு தடவை. அதே தெரு, அதே கடை, விலை மட்டும் வேற.

காலையில முதல் வியாபாரத்துக்குப் பேர் போணி. "போணி பண்ணு தம்பி"ன்னு கூப்பிட்டா, அந்த அக்காவுக்கு நீங்கதான் அன்னைக்கு முதல் ஆள். போணி நேரத்துல அநியாயத்துக்கு பேரம் பேசிட்டு வாங்காம நகர்ந்தா முகம் சுளிப்பாங்க, கடன் சொன்னா கேக்கவே வேணாம். ஆனா காய் ஃப்ரெஷ்ஷா இருக்கும், பொறுக்கி எடுக்க விடுவாங்க. ராத்திரி எட்டரைக்கு அதே கடையில "கூறு இருபது, கூறு இருபது"ன்னு குரல் வரும். எடை போடாம சின்னச் சின்னக் குவியலா பிரிச்சு வச்சிருக்கிறதுதான் கூறு. மறுநாளைக்கு வச்சா வாடிப்போகும், வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகவும் முடியாது. அதனால விலை இறங்குது. உங்களுக்கு மறுநாள் சமையலுக்குத்தான் தேவைன்னா ராத்திரிக் கூறு லாபம். ஒரு வாரத்துக்கு ஃப்ரிட்ஜ்ல வைக்கணும்னா காலை விலைதான் லாபம். மூணாம் நாள் அழுகிப் போன கத்திரிக்காயையும் கணக்குல சேர்த்துத்தானே பாக்கணும்.

கூறு வாங்கும்போது ஒரு பழக்கம் வச்சுக்கோங்க. முதல் தடவை அதை எடை போட்டுப் பாருங்க. 20 ரூபாய்க் கூறு 400 கிராம் இருந்தா கிலோ 50. பக்கத்துக் கடையில எடைக்கு கிலோ 40-ன்னா கூறு ஒண்ணும் சீப் இல்லை. தராசுல முத்திரை இருக்கான்னும் பாருங்க. எலக்ட்ரானிக் தராசை வருஷத்துக்கு ஒரு தடவை சரிபார்த்து முத்திரை வாங்கணும்னு எடையளவுச் சட்டம் சொல்லுது. எடை மேல சந்தேகமா? ஒரு கிலோ உப்புப் பாக்கெட் பையில இருந்தா அதைத் தூக்கி தராசுல வைங்க. சண்டையே வேணாம்.

அப்புறம் கொசுறு. காய் வாங்கினதும் ஒரு கொத்து கறிவேப்பிலை, நாலு தண்டு கொத்தமல்லி கேட்காமலேயே பையில விழும். கொத்தமல்லி விலை ஏறின வாரத்துல கொசுறு நின்னுடும். கொசுறு நின்னா சப்ளை குறைஞ்சிருக்குன்னு அர்த்தம், நியூஸ்ல வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும். இப்படி நடந்து பார்த்தா கத்துக்கிற விஷயம் நிறைய இருக்கு. சென்னைக்கு வர்ற தக்காளியில பெரும்பகுதி ஆந்திராவோட மதனப்பள்ளி பக்கத்துல இருந்தும், கர்நாடகாவோட கோலார்ல இருந்தும் வருது. அங்கே மழை அடிச்சா இங்கே விலை ஏறும். 2023 ஜூலையில கிலோ 100 ரூபாயைத் தாண்டினப்போ தமிழக அரசு சென்னையில 82 ரேஷன் கடைகள்ல கிலோ 60-க்கு வித்துச்சு. மீனுக்கும் ஒரு காலண்டர் இருக்கு. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அந்த ரெண்டு மாசம் மீன் பட்ஜெட்டை முட்டைக்கு மாத்திக்கலாம்.

ஆப்பை விட மார்க்கெட் எப்பவும் சீப்பா? இல்லை. இதை நேரா சொல்லிடுறேன். வெங்காயம், உருளைக்கிழங்கு மாதிரி சில பொருளை உங்களை உள்ளே இழுக்கவே ஆப்ல குறைச்ச விலைக்குப் போடுறாங்க, அந்தக் கிலோ விலையோட தெருக் கடை போட்டி போட முடியாது. மிச்சம் வேற இடத்துல இருக்கு. ஒரு ஆர்டருக்கு டெலிவரி, ஹேண்ட்லிங்னு 25 ரூபாய்னு வைங்க, மாசம் 20 ஆர்டர்னா 500 ரூபாய். ஃப்ரீ டெலிவரிக்காக 199-ஐத் தொடணும்னு சேர்க்குற சிப்ஸ், சாக்லேட் இன்னொரு 60 ரூபாய்னா, 20 ஆர்டருக்கு 1,200. ரெண்டும் ஒரே ஆர்டர்ல வராது, அதனால கூட்டிடாதீங்க. உங்க சொந்த ஹிஸ்டரியை எடுத்துப் பார்த்தா ரெண்டுக்கும் நடுவுல ஒரு தொகை வரும். கீரை, வெண்டைக்காய், கத்திரிக்காய் மாதிரி பக்கத்து ஊர்ல விளையுற பொருள்ல மட்டும் தெருக் கடை விலையிலயும் முந்தும். கீரைக்கட்டு திருவள்ளூர் பக்கத்து கிராமத்துல இருந்து நேரா வருது. இடையில ஆள் கம்மி.

ஆவடி வேற மாதிரி. 1961-ல வந்த கனரக வாகனத் தொழிற்சாலை, ராணுவ உடைத் தொழிற்சாலைன்னு மாசச் சம்பளக் குடும்பங்களால வளர்ந்த ஊர். ஸ்டேஷன் பக்கத்து மார்க்கெட்ல முதல் வாரம் பாருங்க, கடைசி வாரம் பாருங்க. முதல் வாரம் பேரம் குறைவு, கடைசி வாரம் கூறு அதிகம். அவசரமில்லாத சாமான், பாத்திரம், பெட்ஷீட், பிளாஸ்டிக் வாளி எல்லாம் 22-ம் தேதிக்கு மேல வாங்குங்க. சம்பளம் வந்த அன்னைக்கே எல்லாரும் போய் நின்னா விலை எப்படிக் குறையும்?

இங்கே ஒரு கடை முன்னாடி கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. மதியம் போல ஒருத்தர் பைக்ல வருவார், கையில சின்ன நோட்டு. வண்டிக்கடை, கூடைக்கடை ஒவ்வொண்ணுலயும் ஒரு நூறு, இருநூறு வாங்கி டிக் அடிச்சுட்டுப் போவார். அதுதான் தண்டல்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. 10,000 ரூபாய் தண்டல். 1,500 பிடிச்சுக்கிட்டு கையில 8,500 தருவாங்க. தினம் 100 ரூபாய், 100 நாள் கட்டணும். பாக்க 15 சதவீதம் மாதிரி தெரியும். ஆனா முதல் நாள்ல இருந்தே அசலைத் திருப்பிக் கட்டிக்கிட்டே வர்றாங்க, முழு 8,500-ம் அவங்க கையில இருக்குறது ஒரே ஒரு நாள்தான். ஆண்டு வட்டியா மாத்தினா ஏறக்குறைய 120 சதவீதம். கிரெடிட் கார்டு வட்டியே இதுக்குப் பக்கத்துல வராது. அந்த அக்காவுக்கு ஒரு கிலோவுல 10 ரூபாய் நிக்குதுன்னா, அன்னைக்கு விக்கிற முதல் 10 கிலோ அந்த நோட்டுக்குப் போகுது. அதுக்கு அப்புறம்தான் குட்டியானை வாடகை, வீட்டுச் செலவு எல்லாம்.

அப்புறம் ஏன் வாங்குறாங்க? விடியக்காலை மூணு மணிக்கு கோயம்பேட்ல சரக்கு எடுக்கணும், சம்பளச் சீட்டு கிடையாது, பேங்க்ல அடமானம் கேப்பாங்க. தண்டல்காரர் எதுவும் கேக்க மாட்டார். இதுக்கு மாத்தா 2020 ஜூன்ல மத்திய அரசு பி.எம். ஸ்வநிதி திட்டம் கொண்டு வந்துச்சு. அடமானம் இல்லாத கடன். முதல் தவணை அப்போ 10,000, 2025 மாற்றத்துக்கு அப்புறம் 15,000. ஒழுங்கா கட்டினா அடுத்து 25,000, அப்புறம் 50,000. நேரத்துக்குக் கட்டுறவங்களுக்கு 7 சதவீத வட்டி மானியம் திரும்ப வரும். டிஜிட்டல் வரவுக்கு கேஷ்பேக்கும் உண்டு. தெரு வியாபாரிகள் சட்டம் 2014-லயே வந்தாச்சு, அது சொல்ற வியாபாரிச் சான்றோ, உள்ளாட்சி தர்ற பரிந்துரைக் கடிதமோ இருந்தா விண்ணப்பிக்கலாம். தெரியாதவங்க இன்னும் நிறைய பேர். நீங்க வாடிக்கையா வாங்குற கடைன்னா ஒரு நாள் கேளுங்க: "அக்கா, ஸ்வநிதி லோன் போட்டுருக்கீங்களா?" ஃபார்ம் போட்டுத் தர அரை மணி நேரம் ஆகும். உங்க லேப்டாப்புக்கு அது ஒரு வேலையே இல்லை.

அவங்களைப் பார்த்துப் பாவப்படுறதுக்கு முன்னாடி நம்ம போனையும் ஒரு தடவை பாத்துக்குவோம். 10,000 ரூபாய் இன்ஸ்டன்ட் லோன், பிராசஸிங் 500 பிடிச்சுக்கிட்டு 9,500 வருது, 30 நாள்ல 10,300 கட்டணும்னா, அது ஆண்டுக்கு 100 சதவீதத்தைத் தாண்டுது. பைக்ல வர்ற ஆளுக்குப் பதிலா ஆட்டோ டெபிட், அவ்வளவுதான். ஒரு வித்தியாசம் நமக்குச் சாதகமா இருக்கு. 2024 அக்டோபர் 1-ல இருந்து தர்ற புது ரீடெய்ல் கடன் எல்லாத்துக்கும், எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு சதவீதத்தை ஒரு தாள்ல எழுதித் தரணும்னு ரிசர்வ் பேங்க் விதி. அந்த ஏ.பி.ஆர். நம்பரைத் தேடிப் பிடிச்சுப் படிங்க. தண்டல் நோட்டுல அப்படி ஒரு பக்கம் கிடையாது.

அப்போ பேரமே பேசக் கூடாதா? பேசலாம். கால் கிலோ பீன்ஸ்ல அஞ்சு ரூபாய்க்கு நிக்காதீங்க, அங்கே குறைக்க எதுவும் இல்லை. ரூம்மேட் மூணு பேர் சேர்ந்து அஞ்சு கிலோ வெங்காயம் வாங்குங்க, அங்கே பேசுங்க. வாராவாரம் ஒரே கடைக்குப் போங்க. "பாத்துப் போட்டுக் குடுங்கக்கா"ன்னு சொன்னா போதும், நல்ல காய் தானா வரும்.

பூந்தமல்லிக்குப் பூ மார்க்கெட் கணக்குக்காகவே ஒரு தடவை போகணும். பழைய பேர் பூவிருந்தவல்லி. ராமானுஜர் காலத்துத் திருக்கச்சி நம்பி இந்த ஊர்க்காரர், இங்கே இருந்து காஞ்சிபுரம் வரதராஜருக்குப் பூ கொண்டு போனார்னு வைணவ மரபு சொல்லுது. வீட்டுல கல்யாணம் வச்சிருக்கிறவங்க கவனிங்க. உதிரிப்பூ கிலோ கணக்கு, கட்டின பூ முழக் கணக்கு. முழம்னா முழங்கையில இருந்து நடுவிரல் நுனி வரைக்கும். அளக்குறது அவங்க கை, போறது உங்க காசு. நெருக்கமா கட்டியிருக்கா, இடைவெளி விட்டு கட்டியிருக்கான்னு பாருங்க, விலை வித்தியாசம் அங்கேதான். முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் மல்லி விலை ஏறும், மார்கழி, தை பனியில வரத்து குறைஞ்சு இன்னும் ஏறும். அந்த மாசத்துல ஃபங்ஷன்னா சாமந்தியும் ரோஜாவும் வச்சு பட்ஜெட் போடுங்க, மல்லியைத் தலைக்கு மட்டும் வச்சுக்கலாம்.

பக்கத்துல இருக்கிற திருமழிசையும் மறக்கக் கூடாத இடம். 2020 மே மாசம் கொரோனாவால கோயம்பேடு மார்க்கெட்டை மூடினப்போ, மொத்த காய்கறி வியாபாரம் தற்காலிகமா இங்கேதான் வந்துச்சு. செப்டம்பர் கடைசி வரைக்கும் சென்னையோட சாம்பார் திருமழிசை வழியாத்தான் போச்சு. மழை பெஞ்சா சேறு, மூட்டை நனைஞ்சா நஷ்டம். அந்த அஞ்சு மாசத்துல கைமுதல் போன சின்ன வியாபாரிகள் பலர் தண்டலுக்குப் போனாங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி: 500 ரூபாயை பத்து, இருபது, அம்பதா மாத்தி சட்டைப் பையில வைங்க, அது தீர்ந்தா வீட்டுக்கு. க்யூ.ஆர். கோடு எல்லாக் கடையிலயும் தொங்குது, ஆனா ஸ்கேன் பண்ண ஆரம்பிச்சா எவ்வளவு போச்சுன்னே தெரியாது. விலையை போன் நோட்ஸ்ல ஒரு வரி எழுதுங்க: தேதி, நேரம், பொருள், கிலோ விலை. நாலு வாரம் எழுதினா உங்க ஏரியாவுக்கு சொந்தமா ஒரு விலைப் பட்டியல் ரெடி. துணிப்பை ரெண்டு எடுத்துக்கோங்க. தக்காளிக்குத் தனிப் பை, கடைசியில வாங்குங்க. முதல்லயே வாங்கினா பூசணிக்காய்க்கு அடியில போயிடும்.