பிறநாட்டு உணவும் இல்லத்து அடுக்களையும்

ஐவகை நிலங்களின் கருப்பொருள்களைத் தொகுத்துரைக்கும் தொல்காப்பியம் தெய்வத்தை அடுத்து உணவை வைத்துள்ளது. மரமும் புள்ளும் பறையும் தொழிலும் அதன் பின்னரே வருகின்றன. முல்லைக்கு வரகும் சாமையும், குறிஞ்சிக்குத் தினையும் மூங்கிலரிசியும், மருதத்துக்கு நெல்லும் என உரையாசிரியர்கள் வகுத்துக் காட்டுவர். ஒரு நிலத்தின் உணவு அந்நிலத்தின் மழை, மண், தொழில், வழிபாடு ஆகியவற்றோடு பிணைந்தது என்பதே இவ்வகுப்பின் கருத்தாகும்.

இன்றைய இல்லங்களில் இப்பிணைப்பு நெகிழ்ந்துள்ளது. கொழும்பிலோ இலண்டனிலோ ரொறன்ரோவிலோ வாழும் ஒரு குடும்பம் ஒருநாள் இரவு இத்தாலிய முறையிற் சமைக்கின்றது. மறுநாள் சீன முறையிலும், பிறிதொரு நாள் மெக்சிக்கோ நாட்டு முறையிலும் சமைக்கின்றது. இதனை நாகரிக வளர்ச்சியின் அடையாளம் என்பர் ஒரு சாரார். மரபின் சிதைவு என்பர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் ஆராயாது விட்ட வினா ஒன்றுளது. பிறநாட்டு உணவை ஏற்கும் குடும்பம் எதனைப் பெற்றுக்கொள்கின்றது, எதனை விட்டுவிடுகின்றது என்பதே அது. வரலாற்றை நோக்கின், இவ்வினா சில வேளைகளில் நாவின் சுவையைக் கடந்து உயிரையே தொடுவதாய் இருந்தமை புலனாகும்.

பிறர் உணவை ஏற்றல் புதியதொரு வழக்கன்று. 1492 ஆம் ஆண்டில் கொலம்பசு அமெரிக்கக் கரையை அடைந்த பின்னர், அந்நிலத்துப் பயிர்கள் உலகெங்கும் பரவின. மிளகாய், மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, தக்காளி, மரவள்ளி, கச்சான், அன்னாசி, பப்பாசி, கொய்யா ஆகிய யாவும் அமெரிக்காவின் கொடைகளே. அதற்கு முன் தமிழர் சமையலிற் காரம் தந்தது மிளகு. புதிதாக வந்த காய்க்கு மிளகின் பெயரோடு காய் என்னும் சொல்லைச் சேர்த்து மிளகாய் எனப் பெயரிட்டமை, அதனை எதன் இடத்தில் வைத்தனர் என்பதைக் காட்டுகின்றது.

இலங்கைக்குப் போர்த்துக்கேயர் 1505 ஆம் ஆண்டில் வந்தனர். யாழ்ப்பாண அரசு 1619 ஆம் ஆண்டில் அவர்கள் கைப்பட்டது. 1658 ஆம் ஆண்டில் அதனை ஒல்லாந்தர் கைப்பற்றினர். பாண் என்னும் சொல் போர்த்துக்கேய மொழியினின்றும், போஞ்சி என்னும் சொல் ஒல்லாந்த மொழியினின்றும் வந்தவை. ஒல்லாந்தச் சொல்லாற் பெயர் பெற்ற லம்பிறைஸ் என்னும் உணவு, இறைச்சிச் சாற்றில் வெந்த சோற்றையும் கறிகளையும் வாழையிலையிற் பொதிந்து சூளையில் வாட்டும் பறங்கியர் பண்டமாகும். பெயர் ஐரோப்பாவினது, இலையும் கறியும் இந்நாட்டின. யாழ்ப்பாணத்து ஒடியற் கூழிலும் இக்கலப்பைக் காணலாம். பனங்கிழங்கின் மா இந்நிலத்துக்குரியது. அதனோடு சேரும் செத்தல் மிளகாயும் மரவள்ளிக்கிழங்கும் கடல் கடந்து வந்தவை. அக்கூழைப் பருகுவோர் எவரும் அதனை அயல் உணவாகக் கருதுவதில்லை.

எல்லா நாடுகளிலும் இவ்வேற்பு இத்துணை இனிதாக நிகழவில்லை. மக்காச்சோளத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். தென் மெக்சிக்கோவில் ஏறத்தாழ 9000 ஆண்டுகளுக்கு முன்னர்ப் பண்படுத்தப்பட்ட இத்தானியத்தை அந்நாட்டுப் பெண்கள் அப்படியே அரைத்துச் சமைப்பதில்லை. சுண்ணாம்பு கலந்த நீரில் அதனை வேகவைத்து, ஓரிரவு ஊறவிட்டு, தோலைக் கழுவி நீக்கிய பின்னரே அம்மியில் அரைத்து, மெல்லிய ரொட்டியாகத் தட்டிச் சுடுவர். இம்முறை அங்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வழங்கி வருகின்றது. ஐரோப்பியர் விதையைக் கொண்டு சென்றனர். சுண்ணாம்பைக் கொண்டு செல்லவில்லை. அடுக்களைப் பெண்டிரின் வேலையில் அறியத்தக்கது ஏதும் உண்டென்று அவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

அதன் விளைவு பின்னரே வெளிப்பட்டது. சோளக்கூழையே பெரிதும் உண்டு வாழ்ந்த ஏழை உழவரிடையே, வெயில் படும் தோல் தடித்து வெடித்தது, வயிற்றோட்டமும் அறிவு மயக்கமும் தொடர்ந்தன, பலர் மாண்டனர். இசுப்பானிய மருத்துவர் கசுபார் காசல் 1735 ஆம் ஆண்டில் இந்நோயை விவரித்து எழுதினார். கரடுமுரடான தோல் எனப் பொருள்படும் பெல்லாக்ரா என்னும் பெயரை இத்தாலியர் இதற்கு வழங்கினர். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் இந்நோய் பரவியது. இது தொற்றுநோய் என்றே மருத்துவர் பலர் கருதினர். 1914 ஆம் ஆண்டில் ஆராய்ச்சியைத் தொடங்கிய யோசேப்பு கோல்ட்பேர்கர், பாலும் இறைச்சியும் முட்டையும் பயறும் உண்டவரிடத்து நோய் தோன்றாமையைக் காட்டி, உணவுக்குறையே காரணம் என நிறுவினார். குறைபட்ட பொருள் நயசின் என்னும் உயிர்ச்சத்து என்பது 1937 ஆம் ஆண்டில் கொன்றாட் எல்வெயம் செய்த ஆய்வினால் தெளிவாயிற்று.

சோளத்தில் நயசின் இல்லாமலில்லை. ஆயின் அது உடல் ஏற்கவியலாத வகையிற் பிணைப்புண்டு கிடக்கின்றது. சுண்ணாம்பு நீர் அப்பிணைப்பை அவிழ்க்கின்றது. அன்றியும் மெக்சிக்கோ மக்கள் சோள ரொட்டியை அவரையினத்துப் பயறுகளோடு சேர்த்தே உண்பர். சோளத்திற் குன்றிய புரதக் கூறுகளைப் பயறு நிறைவு செய்கின்றது. சத்துகளின் பெயரை அறியாத அம்மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து கண்ட பழக்கத்தால் இவ்வறிவைப் பெற்றிருந்தனர்.

மரவள்ளியின் கதையும் இத்தகையதே. இக்கிழங்கில், சிறப்பாகக் கசப்பு வகைகளில், உடைபடும்போது சயனைட்டு நஞ்சை வெளிவிடும் பொருள் உண்டு. அமேசன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மக்கள் கிழங்கைச் சீவித் துருவி, நாரினாற் பின்னிய நீண்ட பையில் இட்டு முறுக்கிச் சாற்றைப் பிழிந்து, எஞ்சிய மாவை ஓட்டில் வறுத்தெடுப்பர். பிழிந்த சாற்றையும் வீணாக்காது, நெடுநேரம் கொதிக்கவைத்து நஞ்சகற்றிச் சமையலிற் பயன்படுத்துவர். போர்த்துக்கேயர் வழியாக 16 ஆம் நூற்றாண்டில் இக்கிழங்கு ஆபிரிக்கா சென்றது. அங்கும் மக்கள் நாளடைவில் ஊறவைத்தும் புளிக்கவைத்தும் உலர்த்தியும் நஞ்சகற்றும் முறைகளைக் கண்டனர். எனினும் வறட்சியும் போரும் வந்து அம்முறைகளை முழுதாகச் செய்ய இயலாது போன காலங்களில், கால்களை மீளாவகையில் முடக்கும் கொன்சோ என்னும் நோய் தோன்றியது. 1981 ஆம் ஆண்டு வறட்சியின்போது மொசாம்பிக்கு நாட்டின் வடபகுதியில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர். அவருட் பெண்களும் சிறுவர்களுமே மிகுதி. நீரும் பொழுதும் இருந்தபோது உணவாயிருந்த கிழங்கு, அவை இல்லாதபோது நஞ்சாயிற்று.

இலங்கையில் மரவள்ளிக்கிழங்கை அவிப்போர் தோலை நன்கு நீக்கி, பானையை மூடாமல் அவித்து, அவித்த நீரைக் கொட்டிவிடுவர். அதனோடு இஞ்சி சேர்த்தல் ஆகாது என்பதும் இல்லத்து மரபு. மூடாமல் அவிப்பதாலும் நீரைக் கொட்டுவதாலும் நஞ்சின் பெரும்பகுதி ஆவியோடும் நீரோடும் நீங்குகின்றது. ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டு, நீரைப் பலமுறை மாற்றிக் கசப்பகற்றிப் பழகிய கைகளுக்குப் புதிய கிழங்கின் இயல்பை உணர்வது அரிதாயிருந்திராது.

மேற்கூறிய இரண்டும் பக்குவம் நீங்கிய ஏற்பின் தீமையைக் காட்டுவன. ஏற்றதைத் தனதாக்கிக்கொண்ட நாட்டுக்கு யப்பான் எடுத்துக்காட்டாகும். தமிழ்ச் சொல்லாகிய கறி, போர்த்துக்கேயர் வாயிலாக ஐரோப்பிய மொழிகளிற் புகுந்தது. ஆங்கிலப் பெண்மணி அன்னா கிளாசு 1747 ஆம் ஆண்டில் வெளியிட்ட சமையல் நூலில் இந்திய முறைக் கறி இடம்பெற்றது. ஆங்கிலேயரின் கறித்தூளும், கோதுமை மாவாற் குழம்பைத் தடிப்பாக்கும் முறையும் யப்பானைச் சென்றடைந்தன. அங்கு 1872 ஆம் ஆண்டில் வெளிவந்த மேலைநாட்டுச் சமையல் நூல்களிலே கறிச் செய்முறை காணப்படுகின்றது.

அக்காலத்து யப்பானியக் கடற்படையினர் தீட்டிய அரிசிச் சோற்றையே மிகுதியாக உண்டமையால் பெரிபெரி நோயால் வருந்தினர். மருத்துவர் தக்காக்கி கனேகிரோ 1884 ஆம் ஆண்டு முதல் இறைச்சியும் கோதுமையும் வாற்கோதுமையும் சேர அவர்தம் உணவை மாற்றியமைத்தார், நோய் அருகியது. இறைச்சி, கரட், உருளைக்கிழங்கு, வெங்காயம், கோதுமை மா ஆகியவற்றை ஒரு கலத்தில் சேர்க்கும் கறி இப்புதிய ஒழுங்குக்கு நன்கு பொருந்திற்று. 1908 ஆம் ஆண்டின் கடற்படைச் சமையற் கைந்நூலில் அதன் செய்முறை உள்ளது. இன்றும் அந்நாட்டுக் கடற்படையினர் வெள்ளிக்கிழமைதோறும் கறிச்சோறு உண்பர். ஒட்டும் இயல்புடைய குறுமணி அரிசிச் சோற்றுக்குத் தடித்த குழம்பே ஏற்றது; இனிப்பும் புளிப்பும் கூடிய காய்கறி ஊறுகாய் அதற்குத் துணை. கட்டியாகச் செய்த குழம்புக் கலவை 1950 ஆம் ஆண்டுகளிற் கடைகளிற் பெருகவே, கறிச்சோறு யப்பானியக் குடும்பங்களின் அன்றாட இரவுணவாயிற்று.

இந்திய விடுதலை வீரர் ராஷ் பிகாரி போஸ் யப்பானிற் புகலடைந்து வாழ்ந்த காலத்தில், தம் நாட்டுக் கறியின் உண்மைச் சுவையை அம்மக்கள் அறிய வேண்டுமென விரும்பினார். அவருக்கு அடைக்கலம் தந்த குடும்பத்தினரின் நக்கமுராயா உணவகத்தில் 1927 ஆம் ஆண்டில் இந்திய முறைக் கறி பரிமாறப்பட்டது. அது இன்றும் அங்குக் கிடைக்கின்றது. மாற்றியமைத்த கறியும் மூலத்தை ஒட்டிய கறியும் ஒரே நகரில் வேறுவேறு பெயரோடு நிலவுகின்றன. ஒன்றை மற்றொன்றெனக் கூறி மயக்காத வரையில் இரண்டுக்கும் இடமுண்டு.

தமிழ்க் குடும்பமொன்று எளிதில் ஏற்கத்தக்க அயல் உணவுக்கு எதியோப்பியாவை நோக்கலாம். தெஃப் என்னும் மிக நுண்ணிய தானியத்தின் மாவைக் கரைத்து, முன்னைய மாவின் புளித்த நீரைச் சேர்த்து, இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, அகன்ற ஓட்டில் ஊற்றி மூடிவைத்துச் சுடுவர். அடிப்பக்கம் மட்டும் வேக, மேற்பக்கம் எங்கும் கண் விழும். இன்ஜெரா எனப்படும் இது, அப்பம் சுடுவோர்க்குப் புதுமையாகத் தோன்றாது. அதன்மேற் பருப்பும் கீரையும் கடலைமாக் குழம்பும் இட்டு, குடும்பத்தார் அனைவரும் ஒரே தட்டைச் சூழ்ந்திருந்து கையால் உண்பர். அன்பின் அடையாளமாக ஒருவர் மற்றொருவருக்கு ஊட்டிவிடுதலும் உண்டு. எதியோப்பியத் திருச்சபையைச் சார்ந்தோர் புதன், வெள்ளிக் கிழமைகளில் இறைச்சி, பால், முட்டை ஆகியவற்றை விலக்கி நோன்பிருப்பர். ஆதலின் அந்நாட்டிற் சிறந்த மரக்கறிச் சமையல் வளர்ந்துள்ளது. வெள்ளிக்கிழமையில் மரக்கறி உண்ணும் சைவக் குடும்பம், தன் ஒழுக்கத்தை விட்டுக்கொடாமலே அவர்தம் நோன்புணவைச் சமைத்தல் கூடும்.

இவற்றால் அறியத்தக்கன மூன்று. முதலாவது, ஒரு சமையலிற் சுவைக்காகச் செய்வன எவை, உடல் நலத்துக்காகச் செய்வன எவை என்பதைப் பகுத்தறிதல். எலுமிச்சைக்குப் பதிலாகப் புளியையும், கிடையாத கீரைக்குப் பதிலாகக் கிடைக்கும் கீரையையும் கொள்ளலாம். ஊறவைத்தல், புளிக்கவைத்தல், நீரைக் கொட்டுதல் ஆகியவற்றைப் பொழுதின்மை கருதி விடலாகாது. இரண்டாவது, தனியொரு பண்டத்தை எடாது, அது சேர்ந்திருக்கும் உணவொழுங்கை நோக்குதல். சோள ரொட்டிக்குப் பயறும், யப்பானியச் சோற்றுக்குச் சாறும் துணைக்கறிகளும், இன்ஜெராவுக்கு ஒரே தட்டும் எவ்வாறோ, அவ்வாறே தமிழர் சோற்றுக்குப் பருப்பும் குழம்பும் இரசமும் மோரும். துணை பிரிந்த பண்டம் சுவையாலும் சத்தாலும் குறைபடும். மூன்றாவது, ஏற்போர் தம் இல்லத்து ஒழுக்கத்துக்கு இயைந்ததைத் தேர்தல். அங்ஙனம் தேர்வதற்குரிய உணவு ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் உண்டு.

அயலார் உணவை ஏற்போர் கொடுப்போரும் ஆவர். ஒடியல் மாவும் யாழ்ப்பாணத்து வறுத்த கறித்தூளும் இன்று பிறநாட்டுக் கடைகளிலே விற்கப்படுகின்றன. மா செல்கின்றது, அதனை எத்தனை முறை நீர் மாற்றி ஊறவைக்க வேண்டும் என்பது உடன் செல்கின்றதா? அவ்வறிவு பெரும்பாலும் தாய்மாரின் கைப்பழக்கத்திலே தங்கியுள்ளது. ஏட்டில் ஏறியது சிறிது. விதையோடு சுண்ணாம்பைக் கேளாது சென்றோர் பட்ட துன்பத்தை அறிந்தவர்கள், தம் இல்லத்து முதியோரிடம் சென்று அளவும் முறையும் காரணமும் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். கற்ற இளைஞர் செய்யத்தக்க பணிகளுள் இதுவும் ஒன்று.