மின் ஸ்கூட்டர் மோதினால் இழப்பீடு தருபவர் யார்?

இந்தியச் சாலைகளில் ஓடும் மின் ஸ்கூட்டர்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தாலும் சட்டம் அவற்றை இரு வேறு இனங்களாகவே கொள்கிறது; விபத்தில் காயமுற்றவர் எந்த நீதிமன்றத்தை நாட வேண்டும், இழப்பீட்டை யார் கொடுப்பார், அது உண்மையிலேயே கைக்கு வந்து சேருமா என்னும் கேள்விகளுக்கெல்லாம் விடை இந்தப் பிரிவினையைப் பொறுத்தே அமைகிறது. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும் உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்து, அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனம் அதை உறுதிசெய்திருந்தால், அத்தகைய பேட்டரி வண்டியை மோட்டார் வாகனமாகக் கருத வேண்டியதில்லை என்கின்றன 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். அந்த வரம்பைத் தாண்டிய ஸ்கூட்டரோ பெட்ரோல் வண்டியைப் போலவே உரிமம், பதிவு, காப்பீடு ஆகிய கடமைகளுக்கு உட்பட்டது. "லைசென்ஸ் வேண்டாம், ஆர்.சி. வேண்டாம்" என்று சொல்லி விற்கப்படுவது முதல் வகை, அதற்குக் காப்பீடும் இல்லை என்பதால் நேரக்கூடியது என்ன என்பதை வாங்குபவர் அறிந்திருப்பது அரிது.

வேகமான ஸ்கூட்டரால் காயமுற்றவருக்குச் சட்டத்தின் துணை வலுவாகவே இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 146ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது அந்த வண்டியால் பிறருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்யும் காப்பீடு, கட்டாயமாகும். காயமுற்றவரோ, இறந்தவரின் வாரிசுகளோ 166ஆம் பிரிவின்கீழ் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். விபத்து நிகழ்ந்த ஊரில் மட்டுமன்றித் தாம் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் அம்மனுவைத் தாக்கல் செய்யலாம். ஓட்டியவரின் கவனக்குறைவைக் குற்றவியல் வழக்கில்போல ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கத் தேவையில்லை. அது நிகழ்ந்திருக்கவே வாய்ப்பு மிகுதி என்று காட்டினால் போதும். கவனக்குறைவை நிறுவ இயலாதவர்களும் 164ஆம் பிரிவின்கீழ், யார் மீது தவறு என்ற ஆராய்ச்சியே இல்லாமல், உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாயும் கோரலாம். 2022 ஏப்ரல் முதல் 166ஆம் பிரிவின்கீழான மனுவுக்கு ஆறு மாதக் கால வரம்பு நடைமுறைக்கு வந்துள்ளது. அந்த வரம்பு உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகியிருந்தாலும், அதற்குள் மனுவைத் தாக்கல் செய்துவிடுவதே பாதுகாப்பானது.

இழப்பீட்டுத் தொகை நீதிபதியின் இரக்கத்தை மட்டும் பொறுத்ததன்று. அதைக் கணக்கிடும் முறையை உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் வகுத்திருக்கிறது. 2010இல் வெளிவந்த ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பு, மருத்துவர் குறிப்பிடும் ஊன விழுக்காட்டையே வருமான இழப்பின் விழுக்காடாகக் கொள்ளலாகாது என்று தெளிவுபடுத்தியது: இடக்கையை இழந்த தச்சர் அநேகமாகத் தம் பிழைப்பு முழுவதையும் இழக்கிறார், அதே கையை இழந்த அலுவலக எழுத்தர் வேலையில் தொடர முடியும். மாதம் 20,000 ரூபாய் ஈட்டிவந்த 34 வயதுத் தச்சர் ஒருவரின் உழைப்புத் திறனில் பாதி போய்விட்டதாகக் கொண்டால், ஆண்டு வருமானம் 2,40,000 ரூபாயோடு எதிர்கால உயர்வுக்காக 40 விழுக்காடு சேர்த்து, அவர் வயதுக்குரிய பெருக்கெண்ணான 16ஆல் பெருக்கிப் பாதியாக்கும்போது 26,88,000 ரூபாய் வருகிறது. மருத்துவச் செலவும் வலி வேதனைக்கான தொகையும் இதற்கு மேல் தனியாகச் சேரும். ஆகவே மருத்துவமனை ரசீதுகளைப் போலவே வருமானச் சான்றையும், செய்துவந்த தொழிலின் தன்மையைக் காட்டும் ஆவணங்களையும் காயமுற்றவரின் குடும்பம் பேணி வைக்க வேண்டும்.

காப்பீட்டு நிறுவனங்கள் எழுப்பும் தடைகள் எல்லாமே செல்லுபடியாவதில்லை. ஓட்டியவரிடம் முறையான உரிமம் இல்லாத நிலையிலும், முதலில் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னர் வண்டி உரிமையாளரிடமிருந்து அதை வசூலித்துக்கொள்ளுமாறு நிறுவனத்துக்கு உத்தரவிடலாம் என்று ஸ்வரண் சிங் வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஒரே வண்டியில் மூவர் சென்றார்கள் என்பதற்காகவே அவர்கள் மீதும் பழியில் பங்கு சுமத்த முடியாது, அந்த விதிமீறலே விபத்துக்கோ காயத்தின் கடுமைக்கோ காரணமாயிருக்க வேண்டும் என்று 2020இல் முகமது சித்திக் வழக்கில் தீர்ப்பளித்தது. மறுபுறம், மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்த வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்து செல்பவருக்கு அந்தப் பாலிசியில் பாதுகாப்பு இல்லை என்பதைப் பலர் விபத்துக்குப் பிறகே அறிகிறார்கள்.

இனி, அதே தச்சரை வேகம் குறைந்த ஸ்கூட்டர் மோதித் தள்ளியதாகக் கொள்ளலாம். 25 கிலோமீட்டருக்குச் சற்றே குறைந்த வேகத்தில் வரும் வண்டியால் முதியவரின் இடுப்பெலும்பும் நடந்து செல்பவரின் மண்டையோடும் முறியக்கூடும். ஆனால் அது மோட்டார் வாகனம் ஆகாததால் சட்டத்தின் சொற்படி தீர்ப்பாயத்தின் கதவு மூடியே இருக்கிறது. பணம் கொடுக்கக் காப்பீட்டு நிறுவனமும் இல்லை. எஞ்சியிருப்பது உரிமையியல் நீதிமன்றத்தில் கவனக்குறைவுக்காகத் தொடுக்கும் வழக்கு. கோரும் தொகைக்கேற்ப நீதிமன்றக் கட்டணம் செலுத்தி, நெடுங்காலம் காத்திருந்து தீர்ப்பைப் பெற்றாலும், ஓட்டியவரிடம் சொத்து இல்லையென்றால் அத்தீர்ப்பு வெறும் தாளாகவே நின்றுவிடும். ஏழையின் வண்டி இன்னோர் ஏழையின் மேல் மோதும்போது இருவருமே அழிகிறார்கள் என்பதே இதன் கொடுமை. உரிமம் தேவையில்லாத வண்டி என்பதால் சிறுவர்களும் இதை ஓட்டுகிறார்கள். வயது வராதவர் மோட்டார் வாகனத்தில் குற்றமிழைத்தால் பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கும் 199ஏ பிரிவும் இங்கே எட்டிப்பார்ப்பதில்லை. வேகக் கட்டுப்பாட்டை நீக்கி வண்டியை முடுக்கிவிடுபவரின் நிலை வேறு. வரம்பைத் தாண்டிய கணமே அது பதிவும் காப்பீடும் இல்லாத மோட்டார் வாகனமாகிவிடுவதால், தீர்ப்பாயம் விதிக்கும் தொகை முழுவதையும் உரிமையாளரே தம் கையிலிருந்து கட்ட நேரும்.

பேட்டரியால் விளையும் விபத்து வேறொரு சட்டத்தின்கீழ் வருகிறது. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜில் போடப்பட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றியதில் எழுந்த புகையால் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். இத்தகைய நிகழ்வுகளில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஆறாம் அத்தியாயத்தில் கூறும் பொருள் பொறுப்பு, அதாவது குறைபாடுள்ள பொருளால் உடலுக்கோ உடைமைக்கோ நேர்ந்த கேட்டுக்கு அதைத் தயாரித்தவரும் விற்றவரும் ஏற்க வேண்டிய பொறுப்பு, துணைக்கு வருகிறது. தயாரிப்பிலோ வடிவமைப்பிலோ குறை இருந்தாலும், போதிய எச்சரிக்கை தரப்படாமல் இருந்தாலும், இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளிக்கலாம். ஆயினும் பொருளை மாற்றியமைத்தவருக்கு எதிராக விற்பனையாளர் தற்காத்துக்கொள்ள 87ஆம் பிரிவு இடம் தருகிறது. வெளிக்கடையில் பேட்டரியை மாற்றிக்கொண்டவர் இதை அறிந்திருக்க வேண்டும். எரிந்த பேட்டரியையும் சார்ஜரையும் அப்புறப்படுத்தாமல் வைத்திருப்பது வழக்கின் உயிர்நாடி.

ஜெர்மனி 2019 ஜூனில் நின்றபடி ஓட்டும் சிறு மின் ஸ்கூட்டர்களைச் சாலையில் அனுமதித்தபோது, அவற்றின் வேகத்தை மணிக்கு 20 கிலோமீட்டராக வரையறுத்து, ஓட்டுநர் உரிமம் கேட்காமல் விட்டுக்கொடுத்தது. ஆனால் காப்பீட்டை விட்டுக்கொடுக்கவில்லை, காப்பீட்டு வில்லை ஒட்டாத வண்டி அங்கே சாலைக்கு வரக்கூடாது. இந்திய விதியிலும் உரிமமும் பதிவும் வேண்டாமென்ற சலுகையைத் தொடாமலே, விற்பனையின்போதே பெறப்படும் மூன்றாம் நபர் காப்பீட்டை வேகம் குறைந்த ஸ்கூட்டர்களுக்கும் கட்டாயமாக்கி, அவற்றால் காயமுற்றவர்களுக்குத் தீர்ப்பாயத்தின் கதவைத் திறந்துவிட இயலும்; மத்திய அரசு அதைத் தாமதமின்றிச் செய்ய வேண்டும்.