மேட்டில் சேனை, பள்ளத்தில் சேம்பு

சென்னை சென்ட்ரலில் ரயிலுக்குக் காத்திருந்தவர்களுக்கு சாந்த்ராகாச்சி என்ற பெயர் பழக்கம்தான். கொல்கத்தாவுக்கு என்று கிளம்பினாலும் அந்த வண்டி போய் நிற்பது ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், ஹௌரா மாவட்டத்தில். வங்காளிகளுக்கோ அந்தப் பெயரைக் கேட்டால் சமையற்கட்டு நினைவுக்கு வரும். 'சாந்த்ராகாச்சி ஓல்' அங்கே பேர்போனது. ஓல் என்றால் நம் சேனைக்கிழங்கு. ஊர் இன்று ரயில் பாதைகளும் அடுக்குமாடிகளுமாகிவிட்டது. ஆனாலும் நாட்டின் சேனை ரகங்களைப் பட்டியலிடும் வேளாண் நூல்களில் அந்த ஊர்ப் பெயர் தனி ரகமாக நிற்கிறது.

வானம் எப்போது என்ன செய்யும் என்று தெரியாத இடத்தில் தோட்டம் போடுகிறவருக்கு இந்தக் கிழங்கிடம் கற்க நிறைய இருக்கிறது.

முதலில் அந்த வானத்தைப் பார்த்துவிடலாம். கொல்கத்தா வட்டாரத்தில் ஆண்டுக்கு 1,600 மி.மீ.க்கு மேல் மழை பெய்கிறது, சென்னையைவிட அதிகம். அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை, தொல்லையெல்லாம் நேரத்தில்தான். ஏறக்குறைய முக்கால் பங்கு மழை ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டிவிடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெயருக்குத்தான் தூறல். மார்ச் முதல் மே வரை 'கால்பைசாகி' என்னும் கோடைப்புயல்கள். பிற்பகலில் வடமேற்கே கறுக்கும், காற்றோடு ஆலங்கட்டியும் சேர்ந்து ஒரு மணி நேரம் வெளுத்து வாங்கும். பக்கத்து ஊர் உலர்ந்தே கிடக்கும். பருவமழை வழக்கமாக ஜூன் இரண்டாம் வாரம் வரும். வந்த மழை சில ஆண்டுகளில் பத்துப் பதினைந்து நாள் காணாமல் போவதும் உண்டு. பிறகு ஒரே வாரத்தில் தோட்டமே குளமாகும்.

இதில் தோட்டக்காரரை அதிகம் கெடுப்பது வறட்சிகூட இல்லை, ஏமாற்று மழை. நல்ல மழை ஒன்று பெய்ததும் கை பரபரக்கும், விதை தூவிவிடுவோம். ஒரு சின்னக் கணக்கு போட்டால் அந்தப் பரபரப்பு அடங்கும். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர். கோடை வெயிலில் செடியும் மண்ணுமாக நாளொன்றுக்குச் சுமார் 5 மி.மீ. இழக்கின்றன. ஆகவே 20 மி.மீ. மழை, முழுவதும் மண்ணில் இறங்கியதாகவே வைத்துக்கொண்டாலும், நாலு நாள் பாடு. இறுகிய தரையில் பெய்தால் பாதி தெருவுக்கு ஓடிவிடும். கீரை விதையிடம் இருக்கும் சாப்பாடு சில நாளுக்குத்தான். முளைத்த கையோடு மழை நின்றால், ஆள் போய் நீர் ஊற்றினால்தான் அது பிழைக்கும்.

சேனையின் வழி வேறு. நடும் துண்டே அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை இருக்கும். உண்மையில் அது தரைக்கடியில் பருத்த தண்டு. மாவுச்சத்தும் நீரும் அதிலேயே சேமிப்பில் இருக்கின்றன. நட்டபின் ஒரு மாதம், ஒன்றரை மாதம்கூட வெளியே ஒன்றும் தெரியாது. அந்த நாட்களில் முளையும் வேரும் வெளியே எதையும் பெரிதாக எதிர்பாராமல் கிழங்கின் கையிருப்பிலேயே கிளம்புகின்றன. மழை வந்த பிறகு நடுவதில்லை, மழைக்கு முன்பே நட்டுவிட்டுக் காத்திருப்பது. நம் மானாவாரிக் காட்டில் புழுதி விதைப்பு செய்கிறார்களே, அதே துணிச்சல்தான். ஆனால் இங்கே விதையின் மடியில் காசு அதிகம். கேரளத்தில் கும்பத்தில் நட்ட சேனை குடமளவு, மீனத்தில் நட்டது மீன்கண்ணளவு என்பார்கள். கும்பம் நமக்கு மாசி. கண்ணளவு என்பது மிகைதான். ஆனாலும் ஒரு மாதம் முந்தி நட்டது, பெருமழை தொடங்கும்போது இலை விரித்துத் தயாராக நிற்கும் என்பது மெய்.

சரி, எப்படி நடுவது? கிழங்கை வெட்டும்போது ஒவ்வொரு துண்டிலும் நடுமுளையின் ஒரு பங்கு இருக்க வேண்டும். முளையில்லாத ஓரத்துண்டு தாமதமாகும், சிலசமயம் வரவே வராது. வெட்டியதைச் சாணிப்பாலில் முக்கி நிழலில் உலர விடுவார்கள். குழி முழங்கால் ஆழம், அகலம் இரண்டடி. மட்கிய எருவும் சாம்பலும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, முளை மேலே பார்க்க வைக்க வேண்டும். குழிக்குக் குழி சுமார் 90 செ.மீ. தென்னை, பாக்கு, வாழை நிழல் விட்டுவிட்டு விழும் இடத்திலும் சேனை வரும். வீட்டுத் தோட்டத்துக்கு இது பெரிய வசதி.

அதன்மேல் மூடாக்கு. வைக்கோல், சருகு, வாழைச்சருகு எதுவானாலும் நாலு விரல்கடைக்குக் குறையாமல் போட்டால் மண் சூடேறாது, ஈரம் வெயிலுக்குப் பறிபோகாது, களையும் அடங்கும். வங்காளத்தில் இதற்குக் கைக்கெட்டும் பொருள் ஆகாயத்தாமரை. அங்கே பேர் கச்சூரிபானா. குளத்திலிருந்து இழுத்துக் கரையில் காயவிட்டுப் பரப்பினால் போதும், செலவில்லை. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். சாந்த்ராகாச்சி ரயில் நிலையத்தை ஒட்டி ஒரு பெரிய ஏரி இருக்கிறது. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வந்திறங்கும் இடம். அவை இறங்குவதற்காகவே ஆகாயத்தாமரையை அகற்றி, உட்கார அங்கங்கே திட்டுகளை மட்டும் விட்டுவைப்பார்கள். அந்த ஏரியில் கழிவுநீர் கலப்பது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விவகாரம். ஆகாயத்தாமரை நீரிலுள்ள கன உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும். சாக்கடை நீரில் வளர்ந்ததைத் தின்னும் பயிருக்குப் போடக்கூடாது. கொல்கத்தாவுக்கும் சரி, நம் ஊர் ஏரிகளுக்கும் சரி.

மூடாக்கைப் பற்றி இப்போது பலரும் பக்தியோடு பேசுகிறார்கள். அடைமழையில் அதே மூடாக்கு தண்டை ஒட்டிக் கிடந்தால் அடித்தண்டு அழுகும். மழை பிடித்துக்கொண்டதும் தண்டைச் சுற்றி ஒரு சாண் விலக்கிவிடுவது நல்லது.

ஏனென்றால் சேனைக்கு வறட்சியைவிடத் தேங்கிய தண்ணீர்தான் எமன். இதற்கு வங்காளத் தோட்டத்தின் விடை நிலத்தின் உயரத்தில் இருக்கிறது. குளம் தோண்டி, அந்த மண்ணைக் கொட்டி மனையை மேடாக்குவது அந்தத் தாழ்நிலத்தின் பழைய வழக்கம். கோடைக்குக் குளத்துத் தண்ணீர், வெள்ளத்துக்கு மேடு. சாந்த்ராகாச்சிக்குப் பக்கத்தில் சிப்பூரில் 1787-ல் ராபர்ட் கைட் தொடங்கிய தாவரவியல் பூங்காவிலும் இதன் பெரிய வடிவத்தைக் காணலாம். 1864, 1867 புயல்கள் அதைச் சின்னாபின்னமாக்கிய பின், பொறுப்பேற்ற ஜார்ஜ் கிங் ஒன்றோடொன்று இணைந்த ஏரிகளை அமைத்து, மேடும் பள்ளமுமாக நிலத்தைத் திருத்தினார்.

வீட்டுத் தோட்டத்துக்கு ஓர் அடி, இரண்டடி உயர வித்தியாசமே போதும். மேட்டில் ஓல், தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் கச்சு, அதாவது சேம்பு. இரண்டும் ஒரே குடும்பச் செடிகள், குணத்தில் எதிரெதிர். நீர்ச்சேம்பு தேங்கிய நீரிலேயே செழிக்கும். அதன் ஓடுதண்டை இறாலோடு சமைப்பது அங்கே தனி ருசி. மழை பொய்த்தால் மேடு கொடுக்கும், மிஞ்சினால் பள்ளம் கொடுக்கும். கீரை, முள்ளங்கி போன்ற குறுகிய காலப் பயிர்களை ஒரேயடியாக விதைக்காமல் பத்து நாளுக்கு ஒரு பாத்தியாக விதைப்பதும் இதே கணக்குத்தான். ஒரு பாத்தி காய்ந்தாலும் அடுத்தது இருக்கிறது.

இலை பருத்த பிறகு நீண்ட வறட்சி வந்தால் சேனைக்கும் தண்ணீர் வேண்டும். நடுப்பகலில் இலை தொய்வதைப் பார்த்துப் பதற வேண்டாம். காலையிலும் தொய்ந்தே இருந்தால், மூடாக்கை விலக்கி விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் தினம் ஒரு குவளை தெளிப்பதைவிட, வாரம் ஒருமுறை ஆழமாக நனைப்பது நல்லது. காற்றில் தண்டு முறிந்தால் பிடுங்கிவிடாதீர்கள், கிழங்கில் தெம்பிருந்தால் இன்னொரு இலை விடும்.

ரகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆந்திரத்தின் கொவ்வூரிலிருந்து வந்த கஜேந்திரா காறாது, கிழங்கும் வழவழப்பாக ஒற்றையாக இருக்கும். சாந்த்ராகாச்சி போன்ற நாட்டு ரகங்கள் கொஞ்சம் காறும், புளி கேட்கும். ஆனால் பக்கக்கிழங்குகள் விடும். அடுத்த ஆண்டுக்கு விதை வாங்கப் போக வேண்டியதில்லை என்பதால், வீட்டுத் தோட்டத்துக்கு என் ஓட்டு நாட்டு ரகத்துக்கே.

தமிழ்நாட்டில் இதைச் செய்கிறவர்கள் ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டும். வங்காளத்தில் இலை பழுத்துச் சாயும்போது மழைக்காலம் முடிந்திருக்கும்; கிழங்கை மண்ணிலேயே விட்டு, வேண்டும்போது தோண்டலாம். நம் கடலோர மாவட்டங்களுக்குப் பெருமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. மாசியில் நட்ட சேனை எட்டு மாதத்தில் முற்றுவதும் அப்போதுதான். அதனால் இங்கே பாத்தியை இன்னும் அரையடி உயர்த்தி, ஐப்பசிக்கு முன்பே வடிகால் வெட்டிவிட வேண்டும். இலை சாய்ந்த பின்னும் மழை விடாவிட்டால், கிழங்கைத் தோண்டியெடுத்து நிழலில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி வையுங்கள்.