டப்பாவில் இல்லாத அம்மா

ஆவடி பக்கத்துக் கோவில்பதாகையில் ஏதாவது ஒரு மருந்துக் கடையில் கைக்குழந்தைப் பால்மாவு டப்பாவைக் கேட்டு வாங்கித் திருப்பிப் பாருங்கள். அதில் அம்மா படம் இருக்காது. கொழுகொழு குழந்தையும் இருக்காது. தாய்ப்பாலே சிறந்தது என்ற அறிவிப்புதான் எடுப்பாகத் தெரியும். 1992-ல் வந்த மத்திய அரசின் சட்டம் அப்படி. தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் எதிலும் பெண் படமோ குழந்தைப் படமோ போடக் கூடாது. 2003-ல் அதைத் திருத்தி, இரண்டு வயது வரையிலான குழந்தை உணவு எதற்கும் விளம்பரமே கூடாது என்று இறுக்கினார்கள்.

ஏழை நாடுகளில் பால்மாவு விற்கப்பட்ட விதத்துக்கு எதிராக 1970-களில் உலகெங்கும் குரல் எழுந்தது. 1974-ல் லண்டனில் 'தி பேபி கில்லர்' என்ற சிறு நூல் வெளியானது. 1977-ல் அமெரிக்காவில் நெஸ்லே புறக்கணிப்பு தொடங்கியது. 1981-ல் உலக சுகாதார அமைப்பு விற்பனை நெறிமுறைகளை வகுத்தது. நம் சட்டத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. தாயின் முகத்தைக் காட்டினால் எதையும் விற்றுவிடலாம், அது ஆபத்தும்கூட என்று அரசே ஒப்புக்கொண்டது.

ஆனால் குழந்தைக்கு இரண்டு வயது முடிந்ததும் வேலியும் முடிந்துவிடுகிறது. டிவியில் அம்மா வந்து நிற்கிறார். பையன் ஓட்டத்தில் தோற்கிறான், பெண்ணுக்குப் பாடம் மறக்கிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளை இரண்டு அங்குலம் உயரம். அம்மாவின் முகம் வாடுகிறது. ஒரு டம்ளர் பானம் கலக்கிக் கொடுக்கிறார், பிள்ளை ஜெயிக்கிறது. அப்பா எங்கே? பேப்பர் படித்துக்கொண்டிருப்பார், அல்லது கடைசியில் கை தட்ட வருவார். இதைத் தாய்மையைப் போற்றும் விளம்பரம் என்பார்கள். எனக்கு இது அம்மாவுக்கு வைக்கும் பரீட்சையாகத்தான் தெரிகிறது. பிள்ளை தோற்றால் ஃபெயில் ஆவது அவர்தான்.

அந்தப் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்று நம்பித்தான் எத்தனையோ அம்மாக்கள் மாதச் சம்பளத்தில் ஒதுக்கி வாங்கினார்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. 2024 ஏப்ரலில்தான், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை அந்தப் பெயரின் கீழ் விற்க வேண்டாம் என்று மத்திய வர்த்தக அமைச்சகம் இணைய வணிகத் தளங்களிடம் சொன்னது. அத்தனை வருடக் குற்ற உணர்வுக்கு யார் பணம் திருப்பித் தருவார்கள்?

சலவைத்தூள் விளம்பரங்கள் கொஞ்சம் தேவலை. 'கறை நல்லது' என்று பிள்ளையைச் சேற்றில் விளையாட விட்டது சர்ஃப் எக்செல். நல்ல எண்ணம்தான், ஆனால் சட்டையை அலசுபவர் மாறவில்லை. 2015-ல் ஏரியல், துவைப்பது பெண் வேலை மட்டும்தானா என்று கேட்டது. அதுவும் பவுடர் விற்கத்தான் என்றாலும் கேள்வி நியாயமானது. மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் நாளுக்கு 299 நிமிடங்களை அதில் செலவிட்டார்கள். செய்யும் ஆண்கள் 97 நிமிடங்கள். 2024-ல் அது 289, 88. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது, ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது!

ஆவடி, அம்பத்தூர் பக்கம் காலை ஷிப்டுக்கு ஓடும் பெண்ணுக்கு, சமையலறையில் சிரித்தபடி டம்ளரோடு நிற்க நேரம் ஏது? இந்த நிலையைப் புரிந்துகொண்டது விளம்பரம் அல்ல, மாநில அரசின் காலை உணவுத் திட்டம். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. 2024 ஜூலை 15-ல் நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில் தொடங்கி, ஊரகப் பகுதி அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் நீண்டது. காலையில் பிள்ளை சாப்பிட்டதா என்பது அம்மாவின் தலைவலி மட்டுமல்ல, ஊரின் பொறுப்பு என்று ஆக்கியது அந்த உப்புமாவும் பொங்கலும். எந்த மால்ட் பானமும் செய்யாத வேலை இது.

விளம்பரத் துறையின் சுயக்கட்டுப்பாட்டு அமைப்பான ஏ.எஸ்.சி.ஐ., ஆண்-பெண் பற்றிய தேய்ந்த வார்ப்புகளுக்கு எதிராக 2022 ஜூனில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. வீட்டில் பெண் வேலை செய்வதைக் காட்டலாம், ஆனால் அது பெண்ணுக்கே உரியது என்று சொல்லக் கூடாது என்பது அதன் சாரம். பார்வையாளர் யாரும் அங்கே புகார் செய்யலாம். டிவியில் அம்மாவை மட்டும் நிற்கவைத்துப் பரீட்சை வைக்கும் விளம்பரத்தைப் பார்த்தால், சேனலை மாற்றுவதோடு நிறுத்திவிடாதீர்கள். நான்கு வரி எழுதி அனுப்புங்கள். அப்பாக்கள் எழுதினால் இன்னும் நல்லது.